ஆடுபுலி ஆட்டமும் ஆட்டம் கற்பிக்கும் கலையும்

மூன்றாமாண்டு இளங்கலைக் கணித மாணவன்

விளையாட்டு வினையாகும் என்பார்கள். வினையை விளையாட்டாக்கியதும் மனிதன்தான். போர் என்னும் பெருவினையைத் தரையில் நான்கு கோடு கிழித்து, கல்லும் கொட்டையும் பரப்பி, ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் ஆடிப் பார்த்தான். சதுரங்கம் என்ற சொல்லே யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நாற்படையைக் குறிக்கும். நம் நாட்டில் பிறந்த அந்த ஆட்டம் பாரசீகம் போய், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா சேர்ந்து, உலக ஆட்டமாயிற்று. 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலமே கறுப்பு வெள்ளைக் கட்டம் பூண்டு நின்றதை நாம் எல்லோரும் பேருந்திலிருந்து பார்த்தோம்.

ஆனால், நான் எழுத வந்தது பாலத்தில் வரைந்த கட்டத்தைப் பற்றியன்று. எங்கள் வீட்டுத் திண்ணையில் கரித்துண்டால் வரைந்த கட்டத்தைப் பற்றி. ஆடுபுலி ஆட்டம் என்றால் நம்மில் பலருக்கும் ‘பாட்டி காலத்து ஆட்டம்’ என்ற எண்ணம் இருக்கிறது. கணிதம் படிக்க வந்த பிறகுதான் அதில் எவ்வளவு கணக்கு ஒளிந்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது. அந்தக் கணக்கைவிடப் பெரிய பாடம் ஒன்றும் அதில் இருக்கிறது: தெரிந்தவன் தெரியாதவனுக்கு ஓர் ஆட்டத்தை எப்படிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது. அந்தப் பாடத்தை நான் ஒரு தவறு செய்த பிறகே கற்றேன். தவறை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கோடை விடுமுறை

எங்கள் வீடு கொடுங்கையூர் முத்தமிழ் நகரில் இருக்கிறது. தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அவரோடு பட்டணம் வந்த என் ஆயா, ஊரிலிருந்து கொண்டு வந்த சொத்துகளில் ஒன்று ஆடுபுலி ஆட்டம். ஆடுகளுக்குப் பதினைந்து புளியங்கொட்டை, புலிகளுக்கு மூன்று சோடா மூடி. மின்சாரம் போன இரவுகளில் குப்பைமேட்டுப் புகையும் கொசுவும் ஒன்றாக வரும் திண்ணையில், தெருவிளக்கு வெளிச்சத்தில் நாங்கள் ஆடுவோம்.

நான் பதினோராம் வகுப்பு முடித்திருந்த கோடையில், எதிர்வீட்டுச் சிறுவன் ஒருவன் எட்டாம் வகுப்புக்குப் போகக் காத்திருந்தான். “அண்ணா, எனக்கும் சொல்லிக் குடுண்ணா” என்று வந்தான். விதிகளை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். பிறகு எதிரில் உட்கார்ந்து புலியை எடுத்துக்கொண்டேன். பத்து நாளில் முப்பது ஆட்டம் ஆடியிருப்போம். முப்பதிலும் நான்தான் புலி, முப்பதிலும் நான்தான் வென்றேன். அவன் ஆட்டை வைப்பதற்குள் நான் சிரித்துவிடுவேன். பதினோராம் நாள் அவன் வரவில்லை. ‘தோல்வியைத் தாங்காத பயல்’ என்று எண்ணி மறந்துவிட்டேன்.

இரண்டாண்டு கழித்து அவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தடுமாறினான். அப்போது நான் கல்லூரியில் கணிதம் எடுத்திருந்தேன். அவன் அம்மா, “அந்த அண்ணன்கிட்ட போய்க் கேளுடா” என்று எவ்வளவோ சொல்லியும் அவன் வரவில்லை. “அவரு ஜெயிக்கிறதுக்குத்தான் கூப்புடுவாரு” என்றானாம். அந்த ஆண்டே படிப்பை நிறுத்திவிட்டு, மூலக்கடைப் பக்கம் லாரிப் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். ஆட்டத்தில் தோற்றதால் படிப்பு நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டு நிலைமை, கடன் என்று வேறு காரணங்கள் உண்டு. ஆனால் அவன் வந்து தட்டியிருக்கக்கூடிய கதவு ஒன்று இருந்தது. அதைப் பத்து நாளில் சாத்தியவன் நான். இக்கட்டுரைக்குக் காரணம் அதுதான்.

களம் வரையும் முறை

ஆட்டம் தெரியாத நண்பர்கள் ஒரு தாளை எடுத்து வரைந்து கொள்ளலாம். மேலே ஒரு புள்ளி வைக்கவும். அது உச்சி. குடைக்கம்பி விரிவதுபோல உச்சியிலிருந்து கீழ்நோக்கி நான்கு சாய்கோடுகள். அவற்றின் கீழ்முனைகளை இணைத்து ஓர் அடிக்கோடு. உச்சிக்கும் அடிக்கோட்டுக்கும் நடுவே மூன்று குறுக்குக்கோடுகள். இவை சாய்கோடுகளைக் கடந்து இரண்டு பக்கமும் சற்றே நீண்டிருக்க வேண்டும். அந்த மூன்று கோடுகளின் இடமுனைகளை இணைத்து ஒரு நிற்கும் கோடு, வலமுனைகளை இணைத்து மற்றொன்று. இவற்றைச் சுவர் என்போம்.

எண்ணிப் பாருங்கள். உச்சியில் 1, மூன்று குறுக்குக்கோட்டிலும் ஆறாறாக 18, அடிக்கோட்டில் 4, ஆக 23 புள்ளிகள். புலிகள் 3, ஆடுகள் 15. எங்கள் வீட்டு வழக்கப்படி ஒரு புலி உச்சியிலும், மற்ற இரண்டும் அதற்கு நேர் கீழே முதல் குறுக்குக்கோட்டின் நடு இரு புள்ளிகளிலும் நிற்கும். ஆடு ஒருமுறை, புலி ஒருமுறை என மாறி மாறி ஆட வேண்டும். பதினைந்து ஆடும் களத்தில் இறங்கும்வரை ஆடுகள் வைத்த இடத்தை விட்டு நகரக் கூடாது. இறங்கி முடிந்த பிறகு கோட்டின் வழியே ஒரு புள்ளி நகரலாம். புலியும் ஒரு புள்ளி நகரும். அல்லது அடுத்திருக்கும் ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அதற்கு அப்பால் உள்ள காலிப் புள்ளியில் குதித்து அதை வெட்டும். மூன்று புலிகளும் அசைய வழியின்றி அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி. எத்தனை ஆடு வெட்டுப்பட்டால் புலிக்கு வெற்றி என்பதில் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. எங்கள் தெருவில் ஐந்து.

இந்த ஆட்டம் நமக்கு மட்டும் உரியதன்று. ஆந்திரத்திலும் கன்னட நாட்டிலும் இதன் உறவு ஆட்டங்கள் உண்டு. நேபாளத்தில் ‘பாக்சால்’ என்ற பெயரில் 25 புள்ளிகளில் 4 புலியும் 20 ஆடும் மோதுகின்றன. அந்த நேபாள ஆட்டத்தைக் கணினியில் இட்டு ஆராய்ந்த லிம் யூ ஜின், யூர்க் நீவெர்கெல்ட் என்னும் இருவர், இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் யாருக்கும் வெற்றியில்லை, ஆட்டம் சமமாகவே முடியும் என்று காட்டினார்கள். பல்லும் நகமும் உள்ள நான்கும், ஒன்றுமில்லாத இருபதும் சமம் என்றால், ஆட்டை இளைத்தவன் என்று நினைப்பதே பிழை அல்லவா?

வலி, இடம், காலம்

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அரசனுக்குச் சொன்ன அந்த மூன்று தலைப்புகளும் நம் திண்ணைப் போருக்கும் பொருந்தும்.

முதலில் வலி. புலியின் பலம் எங்கே இருக்கிறது? குதிக்கக் காலி இடம் வேண்டும். அதுதான் அதன் பலம். ஆட்டம் தொடங்கும்போது 20 புள்ளிகள் காலி. பதினைந்து ஆடும் வெட்டுப்படாமல் இறங்கிவிட்டால் மிஞ்சும் காலி 5 மட்டுமே. ஆகவே ஒவ்வோர் ஆடும் களத்தில் இறங்கும்போது புலிக்கு ஒரு பல் விழுகிறது என்று கொள்ளலாம். புதிதாக ஆடுபவன் கண் எப்போதும் புலிமேல்தான் இருக்கும். புலி பக்கத்தில் வந்ததும் பயந்து, ஆட்டை எங்கோ தூரத்தில் வைப்பான். பார்க்க வேண்டியது புலியை அன்று, ஆட்டுக்குப் பின்னால் இருக்கும் காலிப் புள்ளியை. பின்புறம் அடைபட்ட ஆட்டின் மூக்கோடு மூக்கு வைத்துப் புலி நின்றாலும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இதை ஒரு விதியாகவே எழுதலாம்: ஓர் ஆட்டின் வழியே செல்லும் ஒவ்வொரு கோட்டிலும், ஏதாவது ஒரு பக்கம் மற்றோர் ஆடு நின்றால் அந்த ஆடு பத்திரம். கோடு அந்தப் புள்ளியிலேயே முடிந்துவிட்டால் துணையே வேண்டாம். அப்படி எல்லாக் கோடும் முடிந்துபோகும் புள்ளிகள் களத்தில் ஏழு உண்டு: உச்சி, முதல் குறுக்குக்கோட்டின் இரு முனைகள், மூன்றாம் குறுக்குக்கோட்டின் இரு முனைகள், அடிக்கோட்டின் இரு முனைகள். இந்த ஏழில் நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் வெட்ட முடியாது. நடுக் குறுக்குக்கோட்டின் முனை அப்படியன்று. சுவர்க்கோடு அதன் வழியே மேலும் கீழும் செல்வதால் அங்கே தனித்து நிற்கும் ஆடு வெட்டுப்படும்.

இனி இடம். ஒரு புலியைக் கட்டிப்போட எத்தனை ஆடு வேண்டும்? அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. நடுக் குறுக்குக்கோட்டின் நடுவில் உள்ள இரு புள்ளிகளில் ஒன்றில் நிற்கும் புலிக்கு நான்கு திசையிலும் வழி. வழிக்கு ஓர் ஆடு, அந்த ஆட்டின் முதுகுக்கு ஓர் ஆடு என்று 8 ஆடு வேண்டும். உச்சியில் நிற்கும் புலிக்கும் அதே 8. அடிக்கோட்டின் உள்புள்ளியில் நிற்பதற்கு 5 போதும். மூலையில் நிற்பதற்கு 4 போதும். அரசனாக இருந்த புலி மூலைக்குப் போனதும் அதன் விலை பாதியாகிவிடுகிறது! ஆகவே புலி ஆடுபவனுக்கு முதல் அறிவுரை: ஒரே ஓர் ஆட்டுக்கு ஆசைப்பட்டு மூலையில் குதிக்காதே.

இரண்டாம் அறிவுரை: மூன்று புலிகளும் ஒட்டி நிற்காதே. ஒரு புலி இன்னொரு புலியின் வழியை அடைக்கும், தாண்டவும் முடியாது. இடச்சுவரின் மூன்று புள்ளிகளிலும் மூன்று புலிகளும் வரிசையாக நின்றுவிட்டால், ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு ஆடாக ஆறே ஆட்டில் ஆட்டம் முடிந்துவிடும். வரைந்து பார்த்துக் கொள்ளுங்கள்.

கடைசியாகக் காலம். ஆடுகள் இறங்கும் முதல் பதினைந்து முறைதான் புலியின் பொற்காலம். அப்போது ஆடு ஓட முடியாது. பின்னால் உள்ள காலிப் புள்ளியில் இன்னோர் ஆட்டை வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். ஒரு முறைக்கு ஓர் ஆடுதான் வைக்கலாம் என்பதால், புலி ஒரே நகர்வில் இரண்டு ஆடுகளுக்குக் குறிவைத்தால் ஒன்று போயே தீரும். இந்த இரட்டைக் குறிதான் புலியின் தலையாய தந்திரம்.

ஆட்டுக்காரன் அதற்கு இடம் கொடுக்காமல் சுவரோரமாகத் தொடங்க வேண்டும். அடிக்கோட்டின் மூலையிலிருந்து வரிசையாக 4, இரு சுவர்களிலும் மும்மூன்றாக 6, பிறகு மூன்றாம் குறுக்குக்கோட்டின் உள்ளே ஓரத்திலிருந்து 4. பதினான்கு ஆடும் ஒன்றன் முதுகை ஒன்று காத்து நிற்கும். பதினைந்தாவதும் நடுக் குறுக்குக்கோட்டில் சுவரை ஒட்டி நின்றுகொள்ளும். புலி சும்மா இருக்குமா, இறங்கி வந்து வரிசையின் நடுவே உட்காருமே என்று கேட்பீர்கள். உட்காரட்டும். அது உட்காரும் இடம் மூலையாக இருந்தால் நான்கு ஆட்டுக் கணக்கைத் தொடங்க வேண்டியதுதான்.

எல்லா ஆடும் இறங்கிய பிறகு காலம் மாறுகிறது. இப்போது ஆடுகள் முன்னேற வேண்டும். முன்னே ஓர் ஆடு அடி வைத்தால் அது விட்ட இடம் காலியாகும். பின்னால் இருப்பது அந்த இடத்தை நிரப்புவதற்குள் புலிக்கு ஒரு முறை உண்டு. அந்த ஒரு முறையில் புலி என்ன செய்யும் என்று எண்ணிப் பார்த்தவன் வெல்வான். எண்ணாதவன் ஆட்டைக் கொடுப்பான்.

எதிரில் உட்காராத ஆசான்

இத்தனையும் எனக்கு அன்றும் ஓரளவு தெரியும். தெரிந்தும் அந்தச் சிறுவனுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. ஏன்? விடையை ஆயாவிடம்தான் கண்டேன். சென்ற ஆண்டு எங்கள் தெருப் பிள்ளைகள் இருவருக்கு அவர் சொல்லிக் கொடுத்ததை ஒரு மாலை முழுதும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பள்ளிக்கூடம் பார்க்காத கிழவியின் பாடமுறை இது:

முதலாவது, ஆயா எதிரில் உட்காரவில்லை. இரு பிள்ளைகளையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டு, தான் பக்கவாட்டில் அமர்ந்தார். புலியும் அவரில்லை, ஆடும் அவரில்லை.

இரண்டாவது, எல்லா விதியையும் சொல்லவில்லை. ஒரு சோடா மூடியை மூலையில் வைத்தார். நான்கு கொட்டையைக் கொடுத்து, “இத்தக் கட்டிப் போடு” என்றார். அவர்கள் கட்டிய பிறகு புலியை ஒரு புள்ளி தள்ளி வைத்தார். இப்போது நான்கு போதவில்லை. “ஏன் போதல?” என்று கேட்டுவிட்டு வெற்றிலை மடிக்கத் தொடங்கினார். மூன்று புலியும் பதினைந்து ஆடும் களத்துக்கு வர அரைமணி ஆயிற்று. அதற்குள் பிள்ளைகளுக்கு விதி மனப்பாடம் ஆகவில்லை, விளங்கியிருந்தது.

மூன்றாவது, இருவரில் சின்னவளுக்கு முதலில் புலியைக் கொடுத்தார். புலிக்கு முதல் முறையிலேயே நடக்கலாம், குதிக்கலாம். ஆட்டத்தின் ருசி உடனே நாக்கில் படும். ருசி கண்ட பிறகு அடுத்த ஆட்டத்தில் ஆட்டை நீட்டினார்.

நான்காவது, விடை சொல்லவில்லை. பிள்ளை தவறான இடத்துக்குக் கையைக் கொண்டுபோகும்போது, “ஆட்டுக்குப் பின்னாடி இன்னா கீது பாரு” என்பார். அவ்வளவுதான். கை தானே திரும்பிவிடும். முதல் சில நாட்களுக்கு வைத்ததைத் திரும்ப எடுக்கவும் இடம் கொடுத்தார்.

ஐந்தாவது, ஆட்டம் முடிந்ததும் யார் தோற்றார் என்று பேசவில்லை. “எந்த எடத்துல கை நழுவுச்சு?” என்று கேட்டு, கொட்டைகளை அந்த இடத்துக்குத் திரும்ப அடுக்கி, அங்கிருந்து மறுபடி ஆடச் சொன்னார். தோற்றவள் அழவில்லை, அதே ஆட்டத்தை இரண்டாம் முறை வென்றாள்.

நான் முப்பது ஆட்டத்தில் செய்யாததை ஆயா ஒரு மாலையில் செய்தார். அடிப்படை ஒன்றுதான்: கற்பிப்பவன் எதிரியாக இருக்கக் கூடாது, மூன்றாம் ஆளாக இருக்க வேண்டும்.

கடலுக்கு அப்பால் அதே பாடம்

இந்த உண்மையைப் பெரிய படைகளும் கண்டறிந்திருக்கின்றன என்பதை நூலகத்தில் படித்தபோது வியந்தேன். 1824ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ், தம் தந்தை தொடங்கிய போர் ஆட்டம் ஒன்றைத் திருத்தி வெளியிட்டார். நிலப்படத்தின்மேல் சிவப்பு, நீலக் கட்டைகள் படைகளாக நிற்கும். இரு தரப்பு அதிகாரிகளும் நேராக மோதிக்கொள்ள மாட்டார்கள். நடுவர் ஒருவரிடம் தங்கள் கட்டளையைச் சொல்வார்கள். அவர் பகடை உருட்டி, விதி பார்த்து, நடந்ததைச் சொல்வார். எதிரிப் படை தம் கண்ணுக்குப் படும் தூரத்தில் இருந்தால்தான் அதன் கட்டைகளைக் காண முடியும். இளம் அதிகாரிகளுக்குப் போர்க்கலை பயிற்ற அந்த ஆட்டம் பயன்பட்டது. நாளடைவில் விதிகள் பெருத்து, கணக்குப் பார்ப்பதே வேலையாகிப்போனது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி, விதிப் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்ற முறையைக் கொண்டு வந்தார். ஆயா விதி ஒப்பிக்காமல் ஆட்டத்தைத் தொடங்கியதும் ஏறக்குறைய இதே முறைதான்!

அந்தப் போர் ஆட்ட மரபிலிருந்து 1974இல் அமெரிக்காவில் ஒரு புதிய கிளை முளைத்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டம் அது. இதில் ஒரு படைக்குப் பதிலாக ஒவ்வொருவரும் ஒரே ஒரு வேடம் ஏற்பார்கள்: ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் நின்று கதையை நடத்துவதுபோல, மேசைத் தலைப்பில் ஒருவர் அமர்ந்து, “குகை வாசலில் இரண்டு அரக்கர்கள் நிற்கிறார்கள், என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்பார். அடி பட்டதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

இங்கும் புதியவர்கள் செய்யும் பிழை ஒன்றே: ஆளுக்கு ஓர் எதிரியைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரக்கர்கள் இருவருக்கும் உயிர்ப்புள்ளி இருபது இருபது. நம்மவர் நால்வர், ஒவ்வொருவர் அடியும் ஐந்து புள்ளியைக் குறைக்கும், அடி தவறுவதில்லை, நம்மவரே முதலில் அடிக்கிறார்கள் என்று கொள்வோம். இருவர் இருவராகப் பிரிந்து அடித்தால், முதல் சுற்று முடிவில் அரக்கர் இருவருக்கும் பத்துப் பத்து மிச்சம். இருவருமே திருப்பி அடிப்பார்கள். நால்வரும் ஒருவனையே அடித்தால் முதல் சுற்றிலேயே அவன் சாய்வான். திருப்பி அடிக்க ஒருவன்தான் மிச்சம். இரண்டு வழியிலும் போர் இரண்டாம் சுற்றில் முடிகிறது. ஆனால் நாம் வாங்கும் அடி இரண்டிலிருந்து ஒன்றாகிறது. பாதி உயிர் போன அரக்கனும் முழு அரக்கனைப் போலவே அடிப்பான் என்பதே இதன் சூட்சுமம். மூன்று புலிகளையும் ஒரே நேரத்தில் துரத்தாமல் மூலையில் இருப்பதை முதலில் கட்டு என்று ஆயா சொல்வதும் இந்தக் கணக்கைத்தான். குறுகிய வாசலில் கவசம் பூண்டவன் முன்னே நிற்க, மெலிந்த மந்திரவாதி அவன் முதுகில் நிற்க வேண்டும் என்பது அங்கே இன்னொரு பாடம். ஒன்றின் பின்னால் ஒன்று நிற்கும் நம் ஆடுகளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கற்பிப்பதிலும் அவர்கள் ஒரு தடுமாற்றத்தைக் கடந்து வந்திருக்கிறார்கள். 1974இல் வந்த விதி நூல்கள், படிப்பவர்களுக்குப் போர் ஆட்டம் முன்பே தெரியும் என்று எண்ணி எழுதப்பட்டவை; புதியவர்கள் திணறினார்கள். 1977இல் ஜான் எரிக் ஹோம்ஸ் என்ற மருத்துவப் பேராசிரியர், தொடக்க நிலையினருக்காக அவற்றை எளிய பதிப்பாகச் செப்பனிட்டுக் கொடுத்தார். மேசைத் தலைப்பில் இருக்கும் அந்த நடத்துநரின் கையில்தான் அரக்கர் எல்லோரும் இருக்கிறார்கள். நினைத்தால் எல்லோரையும் ஒரே நொடியில் கொன்றுவிடலாம். ஆனால் நல்ல நடத்துநருக்கு வெல்வது வேலையன்று. ஆடுபவர்கள் எண்ணித் துணியும்படி ஒரு சூழலை அமைப்பதே வேலை. புதியவன் தவறு செய்யப் போகும்போது, “உன் பின்னால் கதவு திறந்திருக்கிறது, பார்த்தாயா?” என்று கேட்பார். கொடுங்கையூர்த் திண்ணையில் ஆயா கேட்ட கேள்விதானே இதுவும்!

நமக்கு உரிய பாடம்

நண்பர்களே, இதை ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நம் கல்லூரியில் பலர் தம் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். முதலாண்டு மாணவன் ஒருவன் வகையீட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டு மூத்த மாணவனிடம் வருகிறான். “இது கூடத் தெரியாதா?” என்று சிரித்தபடியே மூன்று வரியில் போட்டுக் காட்டிவிடுகிறோம். நாம் வென்றுவிட்டோம், அவன் தோற்றுப் போனான். மறுநாள் அவன் வருவதில்லை. நாம் அவன் எதிரில் உட்கார்ந்துவிட்டோம் என்பது நமக்குத் தெரிவதே இல்லை. கணக்கை ஒரு பக்கமும் அவனை ஒரு பக்கமும் உட்கார வைத்து, நடுவில் ஓரமாக நாம் உட்கார்ந்தால் என்ன? நான்கு ஆடும் ஒரு புலியுமாகத் தொடங்கினால் என்ன? வகுப்பறையில் இந்த முறையைக் கையாளும் பேராசிரியப் பெருமக்கள் நமக்கு உண்டு. அவர்களிடம் பெற்றதை நாம் அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டாமா?

கடைசியாக ஒன்று. ஆயா சொல்லிக் கொடுத்த இருவரில் சின்னவள் யார் என்று நான் சொல்லவில்லை. அந்த எதிர்வீட்டுச் சிறுவனின் தங்கைதான் அவள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அவள் தோழிகளும் என்னிடம் கணக்குக்கு வருகிறார்கள். கணக்கு முடிந்தால் கரித்துண்டு வெளியே வரும். நான் பக்கவாட்டில்தான் உட்காருகிறேன். சென்ற மாதம் ஒருநாள், பட்டறை விட்டு வந்த அவன், கையில் கிரீஸ் கறையோடு திண்ணைத் தூணருகே நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பேசவில்லை, அவனும் பேசவில்லை. தங்கை ஓர் ஆட்டைத் தவறான இடத்தில் வைக்கப் போனாள்.

“பின்னாடி பாரு” என்றான் அவன்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். நான் சற்று நகர்ந்து இடம் விட்டேன். சிறிது நேரம் தயங்கிவிட்டு, அவன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.